தோட்டத்துக்குத் திரும்பி வந்தவர் முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும்?

திருப்பூரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பா தவறிய பிறகு கோத்தகிரிக்கே திரும்பி வந்துவிட்ட ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மேலே ஒன்றரை ஏக்கர் பழைய தேயிலை, கீழே ஓடைப் பக்கம் அரை ஏக்கர் காய்கறி நிலம். தேயிலை வாரியம், தோட்டக்கலைத்துறை, கூட்டுறவு, கே.வி.கே. என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள், எது எதற்கு, எங்கே முதலில் போவது, போனால் உண்மையிலேயே உதவி கிடைக்குமா என்பது கேள்வி.

கிடைக்கும் தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊருக்குள் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "அங்க போயி ஒன்னும் ஆகாது" என்றுதான் சொல்வார்கள். நானும் இருபது வருடமாக இந்த மலையில் தேயிலையும் காய்கறியும் வைத்திருக்கிறேன், எங்கள் ஊர் விவசாயிகள் குழுவின் கணக்கையும் கொஞ்ச காலம் பார்த்தேன். நான் பார்த்தவரை, வெறும் கையோடு திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மானியம் இருக்கிறதா என்று கேட்டு மட்டும் போகிறவர்கள். மானியம் ஒரு வருடம் இருக்கும், அடுத்த வருடம் நிதி வராது. ஆனால் இந்த ஒரு சின்ன மாவட்டத்துக்குள் இருக்கும் ஆராய்ச்சி நிலையங்களின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் வேறு எந்த மலைக்கும் வாய்க்காதது, அங்கே இருக்கிற அறிவைக் கேட்டு வாங்குவதற்குப் பெரும்பாலும் பேருந்துக் கட்டணம் மட்டும்தான் செலவு. அதற்குத்தான் கூட்டமே இல்லை.

சரி, முதல் வாசல் எது என்றால், நீங்கள் சொன்ன பெயர்களில் ஒன்றுமே இல்லை. கிராம நிர்வாக அலுவலகம்தான். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நம் பக்கத்து வழக்கப்படி தாத்தா பெயரிலோ, பெரியப்பா சித்தப்பா எல்லாரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகவோதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மலையில் ஒரு விவசாயிக்குக் கடனோ மானியமோ இழப்பீடோ கிடைக்காமல் போவதற்கு முதல் காரணம் மழையும் இல்லை, காட்டெருமையும் இல்லை, இந்தக் காகிதம்தான். அப்பாவின் இறப்புச் சான்றை வைத்து, வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் மனு போட்டு முதலில் வாங்கிவிடுங்கள். பங்காளிகள் ஒத்துக்கொண்டால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, தனிப் பட்டாவுக்கு மனு கொடுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் இன்றைக்கே தொடங்கச் சொல்கிறேன். அதுவரை, நிலம் உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று வி.ஏ.ஓ. தரும் அனுபோகச் சான்றையும், மற்ற பங்குதாரர்களின் சம்மதக் கடிதத்தையும் வைத்துச் சில வேலைகள் நடக்கும், எல்லா வேலையும் நடக்காது. கூடவே சிறு குறு விவசாயி சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கருக்கு நீங்கள் குறு விவசாயி. சொட்டு நீர், தெளிப்பு நீர்ப் பாசனம் போடுவதற்குச் சிறு குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று இருப்பதே இந்தச் சான்றை வைத்துத்தான்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இருந்து இதைப் படிக்கிறவர்கள் மனதில் என்ன ஓடும் என்று தெரியும். அங்கே 1969ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல், உரிமை யாருக்கு என்று முடிவாகாமல், மாட்டிக்கொண்ட நிலங்களில் தலைமுறையாகப் பாடுபடுகிறவர்களுக்குப் பட்டா என்ற வார்த்தையே வலிக்கும். பட்டா இல்லாததால் வங்கிக் கடன் இல்லை, மானியம் இல்லை. ஒரு துறை அலுவலர் நினைத்தால் தீர்த்துவிடக்கூடிய பிரச்சினையும் இல்லை அது. அவர்களுக்கு இந்தப் பதிலில் பாதி பயன்படாது என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மீதிப் பாதி, அதாவது பட்டா கேட்காமல் பதில் சொல்லும் இடங்களைப் பற்றி இனி எழுதுவது, அவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாவது வாசல் மண் பரிசோதனை. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் எங்கள் கீழ்க்காட்டில் முட்டைக்கோஸ் போட்டேன். நாற்று நன்றாகப் பிடித்தது, நாற்பது நாள் வரை பார்க்கவே ஆசையாக இருந்தது, அப்புறம் வெயில் ஏறினால் இலை வாடும், சாயங்காலம் நிமிரும், மறுநாள் மறுபடி வாடும். உரக்கடையில் போய்ச் சொன்னேன். ஒரு மருந்து கொடுத்தார்கள், பத்து நாள் கழித்து இன்னொரு மருந்து, அப்புறம் இன்னும் கொஞ்சம் உரம். ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கடைக்காரரும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கி என் கையில் கொடுத்தார். வேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சி மாதிரி, வீங்கிப்போன விரல்கள் மாதிரி, முண்டு முண்டாக இருந்தது. வேர்வீக்க நோய். புளித்த, அதாவது அமிலம் ஏறிய மண்ணில் வருவது. மண்ணைக் கொண்டுபோய்ப் பரிசோதித்தால் கார அமில நிலை 4.6. அந்த மண்ணுக்கு வேண்டியிருந்தது மருந்து இல்லை, சுண்ணாம்பு. நடவுக்கு முன்னால் டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடி போட்டு மண்ணைச் சரி செய்திருந்தால் அந்த வருடக் கடன் எனக்கு வந்திருக்காது.

இதே 4.6 உங்கள் மேல்காட்டுத் தேயிலைக்கு நல்ல மண். தேயிலை 4.5க்கும் 5.5க்கும் நடுவில்தான் சந்தோஷமாக இருக்கும். அதனால் இரண்டு காட்டு மண்ணையும் கலந்து ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகாதீர்கள். காய்கறி நிலத்தில் பத்து இடத்தில், மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி அரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு விரல்கடை மண்ணைச் சீவி எடுங்கள். தேயிலையில் முக்கால் அடி ஆழம் வேண்டும். எரு குவித்த இடம், வரப்பு, மரத்தடி, போன மாதம் உரம் போட்ட வரிசை இதெல்லாம் வேண்டாம். பத்து இடத்து மண்ணையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மறுபடி கலந்து, அரை கிலோ வரும்வரை இப்படியே செய்யுங்கள். நிழலில் காயவைத்து, துணிப்பையில் போட்டு, சர்வே எண்ணும் என்ன பயிர் வைக்கப்போகிறீர்கள் என்பதும் எழுதிக் கொடுங்கள். என்ன பயிர் என்று எழுதாமல் கொடுத்தால் வருகிற பரிந்துரை பொதுவாக இருக்கும், உங்களுக்குப் பயன்படாது. எங்கே கொடுப்பது என்பதைக் கோத்தகிரி தோட்டக்கலை அலுவலகத்திலேயே கேட்கலாம், குன்னூரில் உள்ள உபாசி கே.வி.கே.யிலும் கேட்கலாம்.

கே.வி.கே. என்பது வேளாண் அறிவியல் நிலையம். நாட்டிலேயே முதல் கே.வி.கே. 1974இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கினார்கள், இன்றைக்கு ஏறக்குறைய மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. நீலகிரியில் அதை நடத்துவது உபாசி, அதாவது 1893இல் தோட்ட முதலாளிகள் சேர்ந்து தொடங்கிய தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம். பெரிய எஸ்டேட்காரர்கள் சங்கம்தானே, நமக்கு என்ன என்று ஒதுங்க வேண்டாம், கே.வி.கே. இருப்பதே சிறு விவசாயிக்காகத்தான். அங்கே பயிர்வாரியாக விஞ்ஞானிகள் இருப்பார்கள். போகும்போது ஒரு நோயுற்ற செடியை வேர் மண்ணோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொன்னால் பொதுவான பதில் வரும், செடியை மேசையில் வைத்தால் சரியான பதில் வரும். போக முடியாத அன்றைக்கு கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணமில்லாத எண், தமிழிலேயே பேசலாம்.

உருளைக்கிழங்கு போடும் எண்ணம் இருந்தால், விதை வாங்குவதற்கு முன்னால் ஊட்டிக்கு மேலே முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே நடக்கிற வேலைக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. 1961இல் ஊட்டி விஜயநகரம் பகுதியில்தான், கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சளாக முத்து முத்தாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை. கிழங்கே போடாமல் விட்டாலும் வருடக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு காத்துக்கிடக்கும், அடுத்த முறை கிழங்கு வேர் பக்கத்தில் வந்ததும் எழுந்துகொள்ளும். இதனால்தான் நீலகிரியில் இருந்து விதைக் கிழங்கு வெளியே போவதற்குத் தடை வந்தது. ஒரு காலத்தில் கிழங்கு என்றாலே ஊட்டிக் கிழங்கு என்று இருந்த மலையில் இன்றைக்குக் கேரட்டும் பூண்டும் இவ்வளவு ஏறியிருப்பதற்கு இந்தப் புழுவும் ஒரு காரணம். முத்தோரையில் இதற்கு ஈடுகொடுக்கிற ரகங்களைக் கொண்டுவந்தார்கள், குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி நீலிமா, குஃப்ரி சஹ்யாத்ரி என்று. ரகம் மட்டும் போதாது, ஒரே நிலத்தில் போகத்துக்குப் போகம் கிழங்கு போடாமல் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், பூண்டு என்று மாற்றிக்கொண்டே வர வேண்டும். உங்கள் அரை ஏக்கரில் புழு இருக்கிறதா என்று தெரியாமல் மூட்டை மூட்டையாக விதை இறக்குவது பெரிய ஆபத்து. யாரோ வண்டியில் கொண்டுவந்து மலிவாகக் கொடுக்கும் விதையைத் தொடவே தொடாதீர்கள், புழு நிலம் விட்டு நிலம் போவதே விதையிலும் சாக்கில் ஒட்டிய மண்ணிலும்தான்.

ஊட்டியில் இன்னும் இரண்டு இடம். ஒன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், ஊட்டிப் பூண்டு ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன. இன்னொன்று 1954இல் தொடங்கிய மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம். உங்கள் ஓடைப் பக்கத்து நிலம் எவ்வளவு சரிவு என்று நீங்கள் எழுதவில்லை. சரிவாக இருந்தால், கேரட்டுக்கு மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நம் பக்கத்தில் அதுதான் பழக்கம், தண்ணீர் சீக்கிரம் வடியும், வேலையும் சுலபம். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள் விடாமல் அடித்தால் நல்ல மேல்மண் முழுக்க ஓடையில் போய்விடும். அடுத்த நாள் ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் போவதைப் பார்த்திருப்பீர்களே, அது நாம் காசு கொடுத்துப் போட்ட எருவும் உரமும்தான். படிமட்டம் எப்படி வெட்டுவது, வரப்பில் என்ன புல் வைப்பது என்பதையெல்லாம் எழுபது வருடமாக இந்த மண்ணிலேயே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். கேட்டால் சொல்கிறார்கள்.

இப்போது தேயிலைக்கு வருகிறேன். உங்கள் வருமானத்தின் பெரும் பகுதி அதில்தான் வரும், நம் ஆட்கள் அதிகமாக ஏமாறுவதும் அதில்தான்.

தேயிலை வாரியம் 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, தலைமையிடம் கொல்கத்தா, தென்னிந்திய அலுவலகம் குன்னூரில் இருக்கிறது. 10.12 ஹெக்டேர், அதாவது 25 ஏக்கர் வரை வைத்திருப்பவர் எல்லாம் அவர்கள் கணக்கில் சிறு விவசாயி. முதல் வேலையாக, அங்கே உங்கள் பெயரைப் பதிந்து அடையாள அட்டை வாங்குங்கள். அப்பா பெயரில் அட்டை இருந்தால் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கவாத்து, அதாவது செடியை வெட்டிவிடும் இயந்திரம், கொழுந்து அறுக்கும் இயந்திரம், இலை சேகரிப்புக் கொட்டகை, குழுவுக்கு உதவி என்று அவர்கள் திட்டம் எது வந்தாலும் இந்த அட்டையில் இருந்துதான் தொடங்கும்.

ஆனால் அதைவிட முக்கியமானது, பலர் கவனிக்காதது, விலைப் பங்கீடு. 2003ஆம் ஆண்டுத் தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, இலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை, தூள் விற்ற விலையில் 65 பங்கை இலை கொடுத்த விவசாயிக்கும் 35 பங்கைத் தனக்கும் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். குன்னூர் ஏலத்தில் வந்த சராசரியை வைத்து, ஒரு கிலோ பசுந்தேயிலைக்கு இந்த மாதம் குறைந்தது இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோ இலை அரைத்தால் ஏறக்குறைய 22இல் இருந்து 25 கிலோ தூள் வரும். 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். தூள் சராசரியாக 100 ரூபாய்க்குப் போனால் அதில் உங்கள் பங்கு 65 ரூபாய், அதை 0.23ஆல் பெருக்கினால் ஒரு கிலோ இலைக்கு 14 ரூபாய் 95 காசு. இது ஒரு உதாரணம்தான், மாத விலையை வைத்து நீங்களே போடுங்கள். அறிவித்த விலைக்கும் உங்கள் கைக்கு வந்ததற்கும் இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால், மாதம் 500 கிலோ போடுகிறவருக்கு ஆயிரம் ரூபாய், வருடத்துக்குப் பன்னிரண்டாயிரம். அது ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவு.

அந்த இரண்டு ரூபாய் எங்கே போகிறது என்று நான் ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் ஊர் இலைக் கொட்டகையில் மத்தியானம் மூன்று மணிக்குப் பெண்கள் முதுகுச் சுமையோடு வரிசையாக வருவார்கள். தராசுக் கொக்கியில் சாக்கு ஏறும், முள் ஆடி நிற்பதற்குள் எடை வாசித்துவிடுவார்கள். 18 கிலோ 600 என்றால் 18 என்று எழுதப்படும். அப்புறம் மழை ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு அரை கிலோ, முற்றிய இலைக்கு இன்னொரு கிலோ. நாலு மணிக்குள் அத்தனை பேருடைய நாள் கூலியிலும் ஒரு கைப்பிடி குறைந்திருக்கும், யாரும் சத்தம் போட மாட்டார்கள், ஏனென்றால் அவசரத்துக்கு முன்பணம் கொடுப்பதும், இலையை வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் அதே ஏஜென்ட்தான். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக ஐயாயிரம் தேவைப்பட்டால் எந்த அலுவலகக் கதவும் திறக்காது, அவர் வீட்டுக் கதவு திறக்கும். ஆனால் அந்த உதவிக்கு எவ்வளவு வட்டி கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். ஒரு நோட்டு போடுங்கள், தேதி, தராசு காட்டிய எடை, கழித்த எடை, வந்த விலை, அந்த மாதம் வாரியம் சொன்ன விலை. ஆறு மாத நோட்டோடு குன்னூர் வாரிய அலுவலகத்திலோ, மாவட்ட ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலோ நின்று பேசினால் அது ஆதாரம்.

ஏஜென்ட் வேண்டாம் என்றால் கூட்டுறவுத் தொழிற்சாலை. 1962இல் குந்தாவில் முதல் தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை வந்தது, 1965இல் அவற்றுக்கெல்லாம் தலைமைச் சங்கமாக இன்கோசர்வ் குன்னூரில் வந்தது. ரேஷன் கடையில் வாங்கும் ஊட்டி டீ அவர்களுடையதுதான். பங்குத்தொகை கட்டி அங்கத்தினர் ஆனால், உங்கள் இலை போகிற தொழிற்சாலையில் உங்களுக்கு ஓட்டும் உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. அங்கத்தினர் ஆகிவிட்டு, வெளியே ஒரு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்று நல்ல இலையைத் தனியாருக்கும் முற்றிய இலையைச் சொசைட்டிக்கும் போடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முற்றிய இலையில் நல்ல தூள் வராது, தூள் விலை போகாவிட்டால் அடுத்த மாதம் நமக்கே விலை குறையும். விலை போதாது என்பதும் உண்மைதான், 2023இல் கோத்தகிரிப் பக்கம் குறைந்தபட்ச ஆதார விலை கேட்டுச் சிறு விவசாயிகள் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள், நானும் போய் உட்கார்ந்தேன். அந்தக் கோரிக்கை நியாயமானது, அதை விடக் கூடாது. அதே சமயம் இரண்டு இலை ஒரு கொழுந்து என்று எடுப்பது நம் கையில் இருக்கிறது.

காய்கறியை எங்கே விற்பது? பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டிதான். விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கினால் சரக்கும் அங்கேயே போக வேண்டும், அன்றைய விலை எதுவோ அதுதான். அதற்கு மாற்றாக 1935இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் இருக்கிறது, என்.சி.எம்.எஸ். என்பார்கள், கிழங்கும் பூண்டும் அவர்கள் ஏலத்தில் விற்கலாம், உரமும் வாங்கலாம். இரண்டு இடத்திலும் ஒரு முறை சரக்கு போட்டுப் பில்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் கோத்தகிரியிலேயே உழவர் சந்தை. அரை ஏக்கர்க்காரருக்கு அது நல்ல இடம், ஒரே பயிராக இல்லாமல் கீரை, பீட்ரூட், முள்ளங்கி, பீன்ஸ் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாரம் இரண்டு நாள் போகலாம். விவசாயி அடையாள அட்டை வேண்டும், என்ன பயிர் வைத்திருக்கிறீர்கள் என்று நிலத்தில் வந்து பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

கடன் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், தவணை தவறாமல் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. வங்கி என்றால் கிசான் கிரெடிட் கார்டு, 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4க்கு வரும். 2025 ஜனவரியில் இருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, கேட்டால் இதைச் சொல்லுங்கள். நகைக்கடனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு வருடா வருடம் எந்தப் பயிருக்கு, எந்தப் பிர்க்காவுக்கு அறிவிக்கிறார்கள் என்று நடவுக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். காட்டெருமையும் பன்றியும் மேய்ந்துவிட்டால் அது வனத்துறை. அன்றைக்கே படம் எடுத்து, கால் தடத்தையும் சேர்த்து எடுத்து, ரேஞ்ச் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மூன்று நாள் கழித்துப் போனால் மழை தடத்தை அழித்திருக்கும்.

தோட்டக்கலை அலுவலகத்தில் உங்கள் ஊருக்கென்று ஒரு உதவி தோட்டக்கலை அலுவலர் இருப்பார். அவர் கைபேசி எண்ணை வாங்கி, மனு எதுவும் இல்லாத ஒரு நாளில் ஒரு முறை நேரில் பார்த்து, தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். அவருக்கும் பல கிராமங்கள், மேடு பள்ளமாக இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறவர். உழவன் செயலியில் உங்கள் விவரத்தை ஏற்றி வைத்தால் மானியத் திட்டங்களுக்கு அதிலேயே பதியலாம். மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வைக்கிற அளவுக்குத் தாழ்வான, வெதுவெதுப்பான நிலம் இருக்கிறவர்கள் பர்லியாறு, கல்லாறு அரசுப் பண்ணைகளில் நாற்று வாங்கலாம். கோத்தகிரி உயரத்தில் உங்களுக்கு அது தேவைப்படாது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில், அதாவது விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தில், சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சமவெளியில் 300 பேர் வேண்டும், மலைப் பகுதியில் 100 பேர் போதும், மூன்று வருடத்துக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவுக்கு உதவி. சேரலாம், ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டுச் சேருங்கள். போன வருடம் அங்கத்தினரிடம் இருந்து எவ்வளவு சரக்கு வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள், பொதுக்குழு எப்போது கூடியது. பதில் உடனே வந்தால் நல்ல நிறுவனம். உதவித்தொகை நின்ற பிறகும் நடக்கிறதா என்பதுதான் சோதனை. உங்கள் ஊரிலேயே பார்க்க வேண்டும் என்றால் கோத்தகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது, 2013இல் தொடங்கியது, பழங்குடி மக்களே பங்குதாரர்கள், தேனும் சிறுதானியமும் வனப் பொருளும் வாங்கிப் பதப்படுத்தி விற்கிறார்கள். நீங்களும் பிறகு மதிப்புக்கூட்டி விற்க நினைத்தால், கையால் உருட்டிய தேயிலையோ ஊறுகாயோ எதுவானாலும், உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்தியத் திட்டம் அப்போது நடப்பில் இருந்தால், அதில் 35 சதவீத மானியம் 10 லட்சம் வரை உண்டு. ஆனால் அது மூன்றாவது வருட யோசனை. முதல் வருடம் நிலத்தைப் பாருங்கள்.

கொடைக்கானல் பக்கத்துச் சொந்தங்களும் இதைப் படிப்பார்கள். அங்கே தேயிலைக்குப் பதில் பூண்டும் காபியும் மலைவாழையும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் சரக்கு இன்னமும் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிப் போய் அங்கே மற்றப் பூண்டோடு போட்டி போடுகிறது. குறியீட்டைப் பயன்படுத்தும் விவசாயியாகத் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், அதைச் செய்தவர்கள்தான் பையில் அந்தப் பெயரை உரிமையோடு போடலாம். காபிக்குத் தாண்டிக்குடியில் காபி வாரிய ஆராய்ச்சி நிலையம், மிளகுக்கும் மலைவாழைக்கும் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம். விருப்பாச்சி என்ற மலைவாழையில் முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்த பிறகு, பக்கத்துத் தோட்டத்துக் கன்றை வாங்கி நடுவது அதே நோயை வாங்கி நடுவது மாதிரி. நோயில்லாத கன்று எங்கே கிடைக்கும் என்று தடியன்குடிசையில் கேட்டுவிட்டு நடுங்கள். ஆடு வளர்க்கிறவர்களுக்கு மன்னவனூரிலேயே மத்திய செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

தம்பி, இந்த மாதம் மூன்று வேலை மட்டும் செய்யுங்கள். வாரிசுச் சான்றுக்கு மனு, இரண்டு பையில் மண், இலை நோட்டு. மண் பரிசோதனை முடிவு வந்ததும் இங்கேயே எழுதுங்கள். அப்போது உங்கள் தேயிலை எத்தனை வருடச் செடி, கடைசியாக எந்த வருடம் கவாத்து வெட்டினார் அப்பா என்பதையும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சேர்த்து எழுதினால், கவாத்து இந்த வருடமா அடுத்த வருடமா என்று யோசித்துச் சொல்கிறேன்.